பி.பி.ஸ்ரீநிவாஸ்: பாட்டு குறைந்ததால் கவிஞர் ஆனாரா, கவிஞர்தான் பாட வந்தாரா?

சுருதிப்பெட்டி:

ஏப்ரல் 14 வந்தால் புத்தாண்டு வாழ்த்துகளுக்கு நடுவே பின்னணிப் பாடகர் பி.பி.எஸ் படமும் நாலைந்து பாட்டும் சுற்றுக்கு வந்துவிடும். 2013-ல் தமிழ்ப் புத்தாண்டு அன்றுதான் சென்னையில் தன் வீட்டில் காலமானார், வயது 82. வருகிற பதிவுகளைப் பாருங்கள், எல்லாவற்றிலும் "ஜெமினியின் குரல்" என்ற ஒரே வாசகம்தான். தப்பில்லை, நடிகர் ஜெமினி கணேசனுக்கு நிறையப் பாடியவர்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு மனிதரின் கணக்கை முடித்துவிடுகிறோமே என்பது என் குறை.

தெலுங்கு, கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி, சமஸ்கிருதம், உருது, ஆங்கிலம் என்று எட்டு மொழிகளில் எழுதியவர். காக்கிநாடாவில் பிறந்து சென்னையில் பாடிப் பிழைத்த ஒருவர் உருதுவில் கஜல் எழுதியிருக்கிறார். 'நவநீத சுமசுதா' என்று சொந்தமாக ஒரு ராகம் உருவாக்கியிருக்கிறார். பி.காம் பட்டதாரி, இந்தியில் விஷாரத் தேர்வு முடித்தவர்.

இவ்வளவையும் சொன்னால் உடனே ஒரு விளக்கம் வரும். எழுபதுகளில் பாட்டு வரத்து குறைந்தது, சும்மா இருக்க முடியாமல் எழுத உட்கார்ந்தார், அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எழுத்து அவருக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு கிடையாது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாம்பலம்வாசி:

கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றி யாராவது எழுதுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன். அந்த ஓட்டலுக்குப் போய்வந்த சென்னைக்காரர்கள் பலருக்கு அவரைப் பார்த்த ஞாபகம் இருக்கும். ஜரிகைத் தொப்பி, நெற்றியில் திருமண், தோளில் சால்வை. சட்டைப் பையில் கலர் கலராகப் பேனாக்கள், வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். மேசை மேல் நோட்டுகளும் தாள்களும். காபி ஆறிக்கொண்டிருக்கும், அவர் ஒரு பேனாவை மூடி இன்னொன்றைத் திறந்து எழுதிக்கொண்டிருப்பார். நான் பார்த்த அன்று பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கிண்ணத்தைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பெற்றோர் அதட்ட, இவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவ்வளவுதான், வேறு கதை எதுவும் இல்லை.

2008-ல் அந்த ஓட்டலை மூடினார்கள். 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. எட்டு மொழியில் எழுதியவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

பேனா, தொப்பி எல்லாம் சரி. எழுதியது எப்படி என்று யாரும் பேசுவதில்லையே! பார்க்க வந்தவர் பேரில் அங்கேயே ஒரு வாழ்த்துப்பா எழுதிக் கொடுப்பார். அன்பான பழக்கம்தான். அதற்காகக் கண்ணதாசன் வரிசையில் கொண்டுபோய் வைக்க முடியுமா? நல்ல பாடகர், நிறைய எழுதினார் என்று சொல்லிவிட்டுப் போவதே நேர்மை. இன்னொன்று. ஒரு பாடகர் ஓட்டலில் தினமும் உட்கார்ந்து எழுத நேரம் இருந்தது என்றாலே ரெக்கார்டிங் இல்லை என்றுதானே அர்த்தம்? சுருதிப்பெட்டி மறுக்கிற கதையை மாம்பலம்வாசியே நிரூபித்துவிட்டார்.

சுருதிப்பெட்டி:

கண்ணதாசன் வரிசையில் யார் வைத்தார்கள்? நான் கேட்டது எழுத்து எப்போது தொடங்கியது என்று.

1969-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிலவில் மனிதன் கால் வைத்த ஆண்டு. அதைப் பற்றி ஆங்கிலத்திலேயே பாட்டெழுதி, எஸ்.ஜானகியையும் பாடவைத்து, 'மேன் டு மூன்', 'மூன் டு காட்' என்று இசைத்தட்டு கொண்டுவந்தார். அதை அமெரிக்க அதிபர் நிக்சனுக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் அனுப்பி, பதிலும் வாங்கினார். அப்போது அவருக்கு வேலை இல்லாமலா இருந்தது? கன்னடத்தில் ராஜ்குமாருக்கு அவர்தான் பாடிக்கொண்டிருந்தார். முந்தைய வருஷம்தான் 'எதிர்நீச்சல்' படத்தில் சுசீலாவோடு 'தாமரைக் கன்னங்கள்'. வேலை இருக்கும்போதே எழுதியவர்தான், வேலை குறைந்தபோது கூடுதலாக எழுதியிருக்கிறார்.

தேன்கிண்ணம்:

இந்த விவாதத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார்.

அவருடைய அப்பா அரசு உத்தியோகஸ்தர். அம்மா வீட்டில் பக்திப் பாடல்கள் பாடுவார், பிள்ளைக்குப் பாட்டு அங்கிருந்து வந்தது. அப்பாவுக்குப் பையன் படித்து உத்தியோகத்துக்குப் போக வேண்டும். இவருக்கோ சினிமாவில் பாட வேண்டும். அப்பா ஜோசியரிடம் கூட்டிக்கொண்டு போக, அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, சினிமாவில் இந்தப் பையனுக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை கோபித்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடவில்லை. அப்பாவோடு வாதாடி, அவர் வாயாலேயே சம்மதம் வாங்கிக்கொண்டு பாட வந்தார். படிப்பையும் விடவில்லை.

சென்னையில் கைகொடுத்தவர் வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி. குடும்பத்துக்குத் தெரிந்தவர், ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். 1952-ல் ஜெமினியின் இந்திப் படமான 'மிஸ்டர் சம்பத்'தில் முதல் வாய்ப்பு. அடுத்த வருஷம் தமிழுக்கு வந்தார். வந்த படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'ஜாதகம்'! அந்த ஜோசியர் படத்தைப் பார்த்தாரோ என்னவோ.

நான் சொல்ல வருவது, இவர் எதையும் வெட்டிவிட்டு இன்னொன்றைப் பிடித்த ஆள் இல்லை. அப்பாவையும் பாட்டையும் சேர்த்து வைத்துக்கொண்ட மாதிரியேதான் பாட்டையும் படிப்பையும் வைத்துக்கொண்டார். 'எது முதலில்' என்ற கேள்வி நமக்குத்தான், அவருக்கு அது எழுந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

பெங்களூர்த் தமிழச்சி:

இங்கே எல்லாரும் "வாய்ப்பு குறைந்த பாடகர்" என்று தமிழ்நாட்டை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். கர்நாடகத்தில் வந்து அப்படிச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு பி.பி.எஸ் என்றால் டாக்டர் ராஜ்குமாரின் குரல். 1960-ல் வந்த 'பக்த கனகதாச'விலிருந்து பதினைந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே ஜோடி. தான் வெறும் சரீரம், சாரீரம் பி.பி.எஸ் என்று ராஜ்குமாரே சொல்லுவார்.

1974-ல் 'சம்பத்திகே சவால்' படத்தில் ஒரு பாட்டு. அன்றைக்கு இவரால் பாட முடியவில்லை. இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷ் ராஜ்குமாரையே பாடச் சொன்னார். அவர் நாடக மேடையில் வளர்ந்தவர், பாடத் தெரிந்தவர். பாட்டு கன்னட நாடு முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு ராஜ்குமாரின் பாட்டை ராஜ்குமாரே பாட ஆரம்பித்தார். ஒரு பாடகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது? தொடர்ந்து வந்துகொண்டிருந்த வேலை மொத்தமும் போகிறது, அதுவும் யாருக்காகப் பாடினாரோ அவரிடமே. ஆனாலும் இவர் ராஜ்குமாரைப் பற்றி ஒரு வார்த்தை கசப்பாகப் பேசி நான் படித்ததோ கேட்டதோ கிடையாது. கடைசிவரை இரு பக்கமும் மரியாதைதான்.

கணக்குப்பிள்ளை:

அம்மா, நீங்கள் சொல்வதும் என் கட்சிக்குத்தான் சேரும். தமிழில் ஜெமினிக்கு வயதாகிறது, 1969-ல் எஸ்.பி.பி வருகிறார். கன்னடத்தில் 1974-ல் ராஜ்குமாரே பாடுகிறார். இரண்டு கதவும் அஞ்சாறு வருஷத்துக்குள் சாத்திக்கொண்டன. எழுத நேரம் கிடைத்தது.

மாம்பலம்வாசி:

எஸ்.பி.பி பேரை எடுத்தீர்கள், நல்லதாகப் போயிற்று. எஸ்.பி.பி சினிமாவுக்குப் பாடிய முதல் பாட்டு 1966 டிசம்பர் 15-ல் பதிவானது. தெலுங்குப் படம், 'ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மரியாத ராமன்னா', இசை கோதண்டபாணி. கூடப் பாடியவர்கள் சுசீலா, ரகுராமையா, அப்புறம் நம் பி.பி.எஸ். தன் இடத்துக்கு வரப்போகிற பையனோடு அவனுடைய முதல் பாட்டிலேயே சேர்ந்து பாடியிருக்கிறார். 1969-ல் அந்தப் பையன் 'சாந்தி நிலையம்' படத்தில் ஜெமினிக்கே பாடினார்.

ஆனால் இதில் அநியாயம் என்று எதுவும் இல்லை. ஏ.எம்.ராஜா பாடிக்கொண்டிருந்த ஜெமினிக்கு இவர் வரவில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

புதுப்பாட்டு:

நான் உங்களுக்கெல்லாம் பேரன் வயசு. எனக்கு இவர் குரல் முதலில் தெரிந்தது 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில். எம்.ஜி.ஆர் படம் இல்லை, 2010-ல் வந்தது. 'பெம்மானே' பாட்டில் பாம்பே ஜெயஸ்ரீயோடு ஒரு வயதான குரல் வருமே, யாரென்று தேடினேன். அப்போது அவருக்கு 80-ஐ நெருங்கும் வயது என்று தெரிந்ததும் நம்ப முடியவில்லை. பட்டினியில் சாகிற ஜனத்தின் ஒப்பாரி அது. அழகாகப் பாட முயலாமல், உடைந்த குரலை உடைந்தபடியே விட்டிருக்கிறார். பழைய பாட்டெல்லாம் அதற்கப்புறம்தான் கேட்டேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? டி.எம்.எஸ் காலத்தில் இவ்வளவு மெதுவாகப் பாடுகிற ஒருவர் எப்படிப் பிழைத்தார்?

சுருதிப்பெட்டி:

தம்பி, நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

டி.எம்.எஸ் குரல் சபையின் கடைசி வரிசை வரைக்கும் போகிற குரல். தியாகராஜ பாகவதர், கிட்டப்பா காலத்து மேடை மரபின் தொடர்ச்சி அது. பி.பி.எஸ் வேறு வழி. மைக் இருக்கிறது, அது கேட்டுக்கொள்ளும், நாம் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்பிப் பாடியவர். கஜல் மீதும் முகமது ரஃபி மீதும் அவருக்கு இருந்த ஈடுபாடு இதில் தெரியும். தியேட்டரில் டி.எம்.எஸ் ஜெயிப்பார். வானொலியில், அதுவும் ராத்திரியில், இவர் ஜெயிப்பார். இலங்கை வானொலியும் விவித பாரதியும் இல்லாவிட்டால் இவருக்கு இவ்வளவு வீடுகள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

'ராமு' (1966) படத்தின் 'நிலவே என்னிடம் நெருங்காதே' பாட்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். விஸ்வநாதன் இசை, பாகேஸ்ரீ ராகம். நெருங்காதே என்பது ஏவல். வேறு யாராவது பாடியிருந்தால் அதில் ஒரு விறைப்பு வந்திருக்கும். இவர் அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை அழுத்தாமல் மூச்சிலேயே கரைத்துவிடுகிறார். கட்டளை கெஞ்சலாகிவிடுகிறது. மனைவியை இழந்து, பேச முடியாத மகனோடு நிற்கிற ஒருவன் பாடுகிற பாட்டு. அழுகை எங்கேயும் இல்லை, அழுதவன் குரல் மட்டும் இருக்கிறது. சங்கதி போட்டுக் காட்ட அந்த ராகத்தில் எவ்வளவோ இடம் உண்டு. தொட்டதே இல்லை.

'காலங்களில் அவள் வசந்த'மும் (பாவமன்னிப்பு, 1961) அப்படித்தான். கண்ணதாசன் கீதையின் விபூதி யோகத்தை எடுத்து, கண்ணன் தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதாக மாற்றிவிட்டார். சமஸ்கிருதம் தெரிந்த பாடகர் கையில் அது கிடைத்தது. எது உவமை, எது மூலம் என்று தெரிந்து பாடுகிறவருக்கும், கொடுத்த வரியைப் பாடுகிறவருக்கும் வித்தியாசம் இருக்கும். பாட்டு முழுக்க ஒரு வரிக்குப் பின் இன்னொரு வரியாக அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரே மாதிரி பாடினால் பட்டியல் வாசிப்பது போல ஆகியிருக்கும். ஒவ்வொன்றையும் அப்போதுதான் தோன்றியது போலப் பாடியிருக்கிறார். புலமை பாட்டுக்குள் வேலை செய்யும் இடம் இதுதான் என்பேன். கணக்குப்பிள்ளை சாருக்கும் இதுவே என் பதில். அவர் கவிஞரா என்பதற்கான அத்தாட்சியை நோட்டுகளில் மட்டும் தேடாதீர்கள், பாடிய விதத்திலும் தேடுங்கள்.

தேன்கிண்ணம்:

இதோடு வாலி கதையைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

வாய்ப்பு தேடி அலுத்துப்போய், சென்னை போதும், ஊருக்கே போய்விடலாம் என்று வாலி கிளம்பிக்கொண்டிருந்த சமயம். பி.பி.எஸ் அவரைப் பார்க்க வருகிறார். புதிதாக என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று வாலி கேட்க, 'சுமைதாங்கி' படத்துக்குப் பாடிய 'மயக்கமா கலக்கமா'வை அங்கேயே பாடிக் காட்டுகிறார். வாலி பயணத்தை ரத்து செய்துவிட்டார். இதை அவரே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். எழுதியவர் கண்ணதாசன், தங்கியவர் வாலி. பின்னால் கண்ணதாசனுக்குப் போட்டியாகப் பேசப்பட்டவரை ஊரில் இருக்கவைத்தது கண்ணதாசன் பாட்டே!

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வாய்ப்பில்லாத ஒரு கவிஞனின் அறைக்கு, அப்போது உச்சத்தில் இருந்த ஒரு பாடகர் தானே தேடிப் போயிருக்கிறார். கேட்டதும் பாடியும் காட்டியிருக்கிறார், வாத்தியம் இல்லை, மைக் இல்லை. ரெக்கார்டிங்கில் கேட்கிற அந்தக் கனிவு மைக்குக்காகப் போட்டுக்கொண்டது இல்லை என்று இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பெங்களூர்த் தமிழச்சி:

அருமை. குடும்பஸ்தர் என்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மாமனார் சொல்லுவார், சினிமாவில் அவ்வளவு காதல் பாட்டு பாடிவிட்டு ஒரு கிசுகிசுகூட இல்லாமல் வாழ்ந்த மனுஷன் என்று. 'வாழ்க்கைப் படகு' படத்தில் 'சின்னச் சின்ன கண்ணனுக்கு' பாட்டைக் கேட்டால் வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறவர் என்றே தோன்றும். என் பிள்ளைகள் இரண்டும் அந்தப் பாட்டில் தூங்கியவைதான், பாடியது என் வீட்டுக்காரர், சுருதி மட்டும் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

தாலாட்டு வரைக்கும் வந்துவிட்டோம். சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். 1969 இசைத்தட்டு நல்ல வாதம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பாடிய விதத்தில் கவிஞன் தெரிகிறான் என்பது ரசிகனின் பேச்சு. அப்படிப் பார்த்தால் நன்றாகப் பாடிய எல்லாரும் கவிஞர்கள்தான். எழுதியதை எழுத்தாகவே எடைபோட வேண்டும், அதை இன்னும் யாரும் செய்யவில்லை. உருது தெரிந்தவர்கள் அவருடைய கஜலைப் படித்துவிட்டு, தெலுங்கு தெரிந்தவர்கள் தெலுங்கைப் படித்துவிட்டுச் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். அதுவரை எனக்கு அவர் 'கண்ணாலே பேசிப் பேசி' பாடியவர். அது போதும். அந்த 'அடுத்த வீட்டுப் பெண்' கதையே ஒருவன் வாயசைக்க, நண்பன் மறைந்திருந்து பாடுகிற வேடிக்கைதான். பின்னணிப் பாடகரின் பிழைப்பையே காமெடியாக்கிய படத்தில் இவருக்கு இவ்வளவு பெரிய ஹிட்.

புதுப்பாட்டு:

கணக்குப்பிள்ளை சார் இறங்கி வந்ததற்கு நன்றி! மற்ற மொழிகளில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொல்லுங்களேன். தமிழில் ஓரளவு கேட்டுவிட்டேன்.

மாம்பலம்வாசி:

மலையாளத்தில் 'மாமலகள்க்கப்புறத்து', 1963, பாபுராஜ் இசை. தெலுங்கில் 'ஓஹோ குலாபி பாலா', கேட்டதும் பிடித்துவிடும். இந்தியில் 1964-ல் வந்த 'மைன் பி லட்கி ஹூன்' படத்தில் லதா மங்கேஷ்கரோடு 'சந்தா சே ஹோகா'. ஏ.வி.எம் எடுத்தது, நம்ம 'நானும் ஒரு பெண்' படத்தின் இந்தி. லதாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறோமே என்ற பதற்றம் துளிகூடத் தெரியாது. கன்னடத்துக்கு அம்மாவைக் கேளுங்கள்.

பெங்களூர்த் தமிழச்சி:

கன்னடத்துக்கு 'பக்த கனகதாச' படத்தில் 'பாகிலனு தெரெது'. கோயில் கதவைத் திற என்று வெளியே நிற்கிற பக்தன் கேட்கிற பாட்டு. இதை முதலில் கேளுங்கள், மற்றவை தானாக வரும்.

சுருதிப்பெட்டி:

எம்.ஜி.ஆருக்குப் பாடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, பலருக்கு மறந்துபோனது. 'பாசம்' படத்தில் 'பால்வண்ணம் பருவம் கண்டு', 'திருடாதே' படத்தில் 'என்னருகே நீ இருந்தால்'. இரண்டுமே சுசீலாவோடு. வாள் வீசுகிற எம்.ஜி.ஆருக்கு இந்தக் குரல் ஒட்டாது என்பார்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை சார், உங்கள் சவால் நியாயம்தான். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும், உருது தெரியாது. தெலுங்கில் அவர் எழுதியவற்றில் கிடைப்பதைப் படித்துவிட்டு, நல்லது கெட்டது இரண்டையும் தனி இழையாகப் போடுகிறேன். உருது படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது கை தூக்குங்கள். அப்படியே அந்த நிலவு இசைத்தட்டை வைத்திருப்பவர்கள் இருந்தால் உறையின் படத்தை, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், இங்கே ஏற்றுங்கள்.

கணக்குப்பிள்ளை:

படிக்கும்போது வாழ்த்துப்பாக்களை ஒதுக்கிவிட்டுப் படியுங்கள். அதை வைத்து எடைபோட்டால் எனக்கே சுலபமாகிவிடும்.